குற்றவாளிக் கூண்டில் வேறொரு பெண்

அரண்மனை விருந்து மண்டபம். எல்லோர் முன்னிலையிலும் இளவரசன் தன் திருமண நிச்சயத்தை முறிக்கிறான். அவன் தோளோரம் சாதுவான ஒரு பெண். எதிரே, சுருள் சுருளான கூந்தலும் பகட்டான கவுனுமாக வில்லி. அவள் செய்த பாவங்கள் வரிசையாக வாசிக்கப்படுகின்றன. அவளைப் பேச விடுவார் யாருமில்லை.

நம் காலத்துப் பெண் ஒருத்தி ஏதோ ஒரு கதையின் வில்லியாக மறுபிறவி எடுக்கும் காதல் காமிக்ஸ்களைப் படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். என் அக்கா மகள் ஒருநாள் தன் கைபேசியை நீட்டி, "சித்தி, இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்" என்றாள். அன்றிலிருந்து படிக்கிறேன். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது, தான் வாங்கவே வாங்காத ஒரு வைர மாலைக்காக 1785இல் ஊரெல்லாம் அரசி மரீ அந்துவானெத்தைத் தூற்றிய கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒரு பெண்ணைக் கெட்டவள் என்று யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று மாணவர்கள் கேட்க வேண்டும். இந்த காமிக்ஸ்களும் அதே கேள்வியிலிருந்துதான் புறப்படுகின்றன. அதனால்தான் இவற்றின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம், கோபமும் அதனால்தான்.

ஜப்பானில் சடோரு யமாகுச்சி 2014இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய 'மை நெக்ஸ்ட் லைஃப் அஸ் எ வில்லனஸ்' நாவலாக அச்சேறி, மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதையாகி, 2020இல் அனிமே என்ற அசைபடத் தொடராகவும் வந்தது. எட்டு வயது கட்டரீனா கீழே விழுந்து தலையில் அடிபட்டதும் முற்பிறவி நினைவு திரும்புகிறது. இரவெல்லாம் காதல் கதையாக நகரும் வீடியோ விளையாட்டு ஒன்றில் மூழ்கிக் கிடந்துவிட்டு, காலையில் பள்ளிக்கு விரையும்போது விபத்தில் இறந்துபோன மாணவி அவள். இப்போது பிறந்திருப்பதோ அதே விளையாட்டின் வில்லியாக. கதை எப்படிப் போனாலும் அவளுக்கு விதிக்கப்பட்டது நாடுகடத்தல் அல்லது சாவு. உடனே மண்வெட்டியைக் கையில் எடுக்கிறாள். நாடு கடத்தினால் உழுதாவது பிழைக்க வேண்டுமல்லவா! இளவரசனுக்குப் பாம்பு பிடிக்காது என்று தெரிந்ததும், அவன் வாளோடு வந்தால் முகத்தில் வீசுவதற்கென்று பொம்மைப் பாம்பு செய்து எறிந்து பழகுகிறாள். தனக்கு எழுதப்பட்ட தீர்ப்பை முன்கூட்டியே படித்துவிட்ட பெண் என்ன செய்வாள் என்பதற்கு இதைவிட அழகான விடையை நான் படித்ததில்லை. அழகும் சூழ்ச்சியும் அவளுக்குத் தேவைப்படவில்லை. தோட்டம் போடுகிறாள், தனிமையில் வாடும் தத்துத் தம்பியை விளையாட இழுத்துப் போகிறாள். விளையாட்டின் நாயகியான மரியா சாமானிய வீட்டுப் பெண். அவளைப் பிரபுக்குலப் பெண்கள் சீண்டும்போது கட்டரீனா குறுக்கே வந்து நிற்கிறாள். வில்லி பிழைப்பதற்கு நாயகி அழிய வேண்டியதில்லை. இந்த ஒன்றுதான் பின்னால் வந்த பலருக்கு மறந்துபோயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான காதல் விளையாட்டுகளின் தொடக்கமாகக் கருதப்படும் 'ஏஞ்சலிக்' 1994இல் வந்தது. அதிலும் அரசி பதவிக்கு நாயகியோடு மோதும் ரொசாலியா என்ற கர்வம் பிடித்த போட்டியாளர் உண்டு. ஆனால் அவளோடு நட்பாகலாம். போட்டியில் வென்றால் அவளே அரசி. சபையில் நிறுத்தி நாடு கடத்தப்படும் வில்லி அந்த விளையாட்டுகளில் அபூர்வம். அவளை ஒரு வழக்கமான பாத்திரமாக்கியவர்கள் பெரும்பாலும் இணைய நாவலாசிரியர்கள்தான். அவளைக் காப்பாற்றும் கதை எழுத, தண்டிக்கப்படும் ஒருத்தி தேவைப்பட்டாள்.

காப்பாற்றிய பிறகும் கூண்டு காலியாக இருப்பதில்லை.

கொரிய வெப்டூனான (இணையப் படக்கதை) 'டெத் இஸ் த ஒன்லி எண்டிங் ஃபார் த வில்லனஸ்' தொடக்கத்தில் என்னை உலுக்கிய கதை. இங்கும் ஒரு பெண் விளையாட்டின் வில்லியான பெனலோப்பியாகக் கண்விழிக்கிறாள். பெனலோப்பி ஒரு டியூக்கின், அதாவது பெரும் பிரபுவின், வளர்ப்பு மகள். பணிப்பெண்ணே ஊசியால் குத்தி எழுப்புகிற அளவுக்கு அந்த வீட்டில் அவள் கேட்பாரற்றுக் கிடக்கிறாள். விளையாட்டில் உள்ளதுபோலவே, ஆண்களின் தலைக்கு மேல் அவர்களுக்கு இவள்மீதுள்ள விருப்பத்தின் அளவு எண்ணாக மிதக்கிறது. அது சரிந்தால் இவள் உயிர் போகும். வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேச்சை அளந்து வாழும் பெண்ணின் பயத்தை அந்த மிதக்கும் எண் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. ஆனால் தொலைந்துபோன சொந்த மகள் திரும்பி வந்ததும், கொடியவள் பட்டம் அப்படியே அவள் தலைக்கு மாறுகிறது. உயிர்காக்கும் திட்டத்தின் பகுதியாகப் பெனலோப்பி ஏலத்தில் ஓர் அடிமையை வாங்குகிறாளே, அந்தச் சந்தையைப் பற்றிக் கதை வருந்துவது மிகக் குறைவு.

மறுபிறவிக் கதை இல்லையென்றாலும் இதே வாசகர்கள் கொண்டாடும் 'த ரீமேரீட் எம்ப்ரஸ்' இன்னும் கசப்பானது. பேரரசி நாவியர் விவாகரத்தை ஏற்று, அதே மூச்சில் மறுமணத்துக்கு அனுமதி கேட்கும் இடத்தில் நான் கைதட்டினேன். ஆனால் அவளுடைய எதிரி, பேரரசன் ஆசைநாயகியாக்கிக்கொண்ட ராஷ்டா, தப்பியோடி வந்த ஓர் அடிமை. கல்வி, குலம், செல்வாக்கு எதுவும் இல்லாத அந்தப் பெண்ணின் அழிவைக் கதை விருந்தாகப் பரிமாறுகிறது. முடிவெடுத்த பேரரசனுக்கு மனவேதனை. அடிமைப் பெண்ணுக்குச் சிறையும் சாவும்.

விற்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. கொரியாவின் இணையக் கதைத் தளமான காகாவோபேஜ் 2014இல் 'காத்திருந்தால் இலவசம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பொறுமை இருந்தால் அடுத்த அத்தியாயம் சும்மா கிடைக்கும். பொறுக்க முடியாதவர்கள் காசு கொடுப்பார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு அத்தியாயமும் பொறுக்க முடியாத இடத்தில் முடிந்தாக வேண்டும். அதற்குச் சுலபமான வழி யாரையாவது அவமானப்படுத்துவது; அகப்படுவது பெரும்பாலும் ஒரு பணிப்பெண். சம்பளத்துக்கு வேலை செய்கிறவளை மண்டியிட வைப்பதைப் பழிதீர்த்தல் என்று என்னால் ரசிக்க முடிவதில்லை. டியூக்கின் வைரங்கள் எந்த வயலுக்குக் கட்டிய வரியில் வந்தவை என்ற பேச்சோ கிடையவே கிடையாது.

அதனால் இப்போது அக்கா மகளுக்கு நான் சிபாரிசு செய்வது இனோரி எழுதிய 'ஐ ஆம் இன் லவ் வித் த வில்லனஸ்'. மறுபிறவி எடுப்பவள் நாயகியாக, சாமானியப் பெண்ணாகப் பிறக்கிறாள். காதலிப்பதோ இளவரசர்களை அல்ல, வில்லி கிளேரை. முதல் பாகத்தின் சேட்டைகளோடு நிறுத்திவிடாதே, பசியும் பிரபுக்களின் அதிகாரமும் மோதிப் புரட்சி வரும் இடம்வரை படி என்று சொல்லியிருக்கிறேன். பிரபுக்குலத்தில் பிறந்ததற்கான பொறுப்பைக் கிளேர் தானே முன்வந்து ஏற்கும் அத்தியாயத்தைப் பற்றி அவளோடு சண்டை போடக் காத்திருக்கிறேன்.