பெயர் தப்பானதால் திரும்பி வந்த உத்தரவு

போன வெள்ளிக்கிழமை கடைசித் தவணையும் அக்கவுன்டில் ஏறிவிட்டது. மொத்தம் 18,400 யூரோ. ஏற்றுமதி செய்த சரக்குக்கான அந்தப் பணத்தை ஜெர்மனி பையரிடமிருந்து வாங்க 19 மாதம் ஆனது. அதில் 5 மாதம் என் தவறால் வீண்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஆரம்பம் தெரிந்ததுதான். 90 நாள் டி.ஏ., அதாவது பில்லை ஏற்றதும் சரக்கு, பணம் 90 நாள் கழித்து; பையர் பில்லை ஏற்றுச் சரக்கை எடுத்துக்கொண்டார்; கெடு தாண்டியதும் ஜி.எஸ்.எம். (துணியின் எடை) குறைவு என்று ஒரு மெயில். ஏஜென்ட், "வந்துருமுங்கண்ணா, நானாச்சு" என்றே 4 மாதம் ஓட்டினார். பையர் பணம் தராவிட்டால் ஈடு கிடைக்கும் இ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீட்டுப் பாலிசியும் நான் எடுக்கவில்லை. சாயப்பட்டறைக்காரர் தினமும் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். அதுதான் தாங்கவில்லை.

அப்போது இருந்த 9 மாதக் கெடுவுக்குள் பணம் வராததால், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ் ஏற்றுமதிப் பத்திரம்) ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பார்க்கும் ரிசர்வ் பேங்கின் இ.டி.பி.எம்.எஸ். பதிவில் நிலுவையாக நின்றது. கெடு நீட்டிக்கப் பேங்குக்குப் போனால், மூன்று தடவையும் வேறு வேறு கடிதம் கேட்டார்கள். நான்காம் தடவை, என்னென்ன வேண்டும் என்று அந்த அலுவலர் கையாலேயே எழுதி வாங்கினேன். அந்த வாரமே முடிந்தது. நீங்கள் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

இங்கே கேஸ் ஜெயித்தாலும் அதை நிறைவேற்ற அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் போகணும். அதனால் ஹாம்பர்க்கில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். ஜெர்மனியில் இருப்பிடம் இல்லாதவர்கள் பெர்லினில் உள்ள வெட்டிங் கோர்ட்டில் மனுப் போட்டால், விசாரணை இல்லாமலே பணம் கட்டச் சொல்லி உத்தரவு போகும். 2 வாரத்துக்குள் பையர் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் அடுத்து ஜப்திக்கான உத்தரவு கேட்கலாம். எதிர்த்தால் வழக்குதான்.

வக்கீலைக் கேட்காமல், இங்கே யாரோ சொன்னதை நம்பி இன்வாய்ஸ், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) எல்லாம் நோட்டரி செய்து, அப்போஸ்டில் என்ற வெளிநாட்டுக்கான அரசுச் சான்று முத்திரைக்காகச் சென்னைக்கு 2 தடவை அலைந்தேன். அந்த மனுவோடு ஆதாரப் பேப்பரே வைக்க வேண்டியதில்லை!

அடுத்த அடி பெயரில். எங்கள் ஆர்டரில் இருந்தது அவர்களுடைய பிராண்டு பெயர். சட்டப்படி கம்பெனி வேறு பெயரில் உள்ள ஒரு ஜி.எம்.பி.எச். (நம் பிரைவேட் லிமிடெட் மாதிரி). மனுவிலும் பிராண்டு பெயரையே போட்டதால் உத்தரவு சேராமல் திரும்பி வந்துவிட்டது. ஜெர்மனியின் கம்பெனிப் பதிவேடு, ஹாண்டல்ஸ்ரெஜிஸ்டர், 2022 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் இலவசம். சரக்கு ஏற்றும் முன்பே பதிவு எண்ணையும் இயக்குநர் பெயரையும் அதில் பார்த்துவிடுங்கள்.

சரியான பெயரில் போன 9ஆம் நாள் அவர்கள் அக்கவுன்டன்ட் மெயில் போட்டார்: மூன்று தவணை. முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்த பிறகே சம்மதித்தேன்.

முதல் தவணை வந்த அன்றே சாயப்பட்டறைக்குச் செக்கோடு போனேன். "உட்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்றார்.