தெரு இறங்கியது, வாசல் மேலேயே நின்றுவிட்டது

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் போனால் அலெகேனி கவுண்டி நீதிமன்றத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். பழைய கட்டடம் 1882இல் தீக்கிரையானது. புதியதை வடிவமைத்தவர் எச். எச். ரிச்சர்ட்சன். 1884இல் வேலை தொடங்கியது, 1888இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1886இலேயே இறந்துவிட்டார்.

கிராண்ட் தெரு முகப்பில் வாசல் ஏனோ பொருந்தாத மாதிரி தெரியும். தவறு ரிச்சர்ட்சனுடையது அல்ல. 1913 வாக்கில் மேட்டைக் குறைக்கத் தெருவையே வெட்டி இறக்கினார்கள். அசல் வாசல் அந்தரத்தில் நின்றது. ஏறிப்போகப் படிக்கட்டு கட்டினார்கள். தெருவை அகலப்படுத்தியபோது அதுவும் போயிற்று. இன்று நாம் நுழைவது அடித்தள மட்டத்தில். அண்ணாந்து பாருங்கள், பெரிய அரைவட்ட வளைவுகள் தலைக்கு மேலே இருக்கும்.

உள்முற்றத்தைத் தவறவிடாதீர்கள். நான்கு பக்கமும் கட்டடம், நடுவே திறந்தவெளி. அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான். என் கணக்கில் முகப்பைவிட அழகு அதுதான்.

பின்புறம் ராஸ் தெருவைக் கடக்கும் கல் பாலம், கைதிகளைச் சிறையிலிருந்து நேரே நீதிமன்றத்துக்கு அழைத்துவரக் கட்டியது. வெனிஸின் ‘பெருமூச்சுப் பாலம்’தான் அதற்கு முன்மாதிரி. எதிரே உள்ள சிறையும் ரிச்சர்ட்சன் வடிவமைத்ததே. 1995 வரை சிறையாகவே இயங்கியது. அதன் மதிலில் கற்களைப் பாருங்கள்: மெருகேற்றாமல், உடைத்த முகம் அப்படியே.