தொலைந்துபோன ஒரு 'மில்லி'

எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் பாலிஅனிலீன் என்ற பிளாஸ்டிக்கைச் செய்தவர்களுக்கு அதன் பச்சை மறக்காது. அதற்கு மூலப்பொருளான அனிலீன், அலமாரியில் பழையதாகக் கிடந்தால் டிகாஷன் நிறத்தில் இருக்கும், அதை வாலை வடித்தால் நிறமே இல்லாத எண்ணெயாக இறங்கும். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பீக்கரை ஐஸ் தொட்டிக்குள் வைத்து, அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. எதையோ தப்பாக எடை போட்டுவிட்டோம் என்று நினைக்கும்போது லேசாக ஒரு நீலம் தட்டும், அது கண்முன்னாலேயே கெட்டிப்பட்டு மயில்கழுத்து நிறமாகி, கடைசியில் கரும்பச்சையாக நிற்கும். வடிகட்டிக் காயவைத்துப் பொடியை வில்லையாக அழுத்தி மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்த அன்று நான் சாப்பிடவே போகவில்லை. பிளாஸ்டிக்கில் கரண்ட் போகிறது! அதே பொடியில் கொஞ்சம் அம்மோனியாவை ஊற்றினால் நீலமாகிக் கடத்தாமல் போய்விடும், திரும்ப அமிலத்தில் போட்டால் பச்சையாகி மறுபடியும் கடத்தும். அன்று சாயங்காலம் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

இதைச் சொல்லக் காரணம், மின்சாரம் கடத்தும் பாலிமர்களை, அதாவது சிறு மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்த இந்தப் பிளாஸ்டிக்குகளைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது "அது ஒரு மாணவன் செய்த தப்பினால் தற்செயலாகக் கிடைத்தது" என்ற ஒற்றை வரிதான். பாடம் எடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் பல வருடம் அப்படியே நம்பினேன். அந்த வரி எனக்கு இப்போது பிடிப்பதில்லை. ஹிதேகி ஷிரகாவா என்ற ஜப்பானிய வேதியியல்காரர் 9 வருடம் செய்த வேலையை அது ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது.

ஷிரகாவா 1936இல் டோக்கியோவில் பிறந்து, தகயாமா என்ற மலையூரில் வளர்ந்தவர். நடுநிலைப் பள்ளியை முடிக்கும்போது எழுதிய கட்டுரையில் பிளாஸ்டிக் ஆராய்ச்சி செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறார். சாப்பாட்டு டப்பாவைச் சுற்றும் பிளாஸ்டிக் துணி சூட்டில் நீண்டுவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லையே, இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வயதில் யோசித்த பையன்.

1967இல் அவர் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் உதவி ஆய்வாளர். எடுத்திருந்த வேலை, அசிட்டிலீன் வாயு சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பாலிஅசிட்டிலீன் ஆவது எப்படி என்று பார்ப்பது. மின்சாரம் அந்தப் பக்கமே இல்லை. பாலிஅசிட்டிலீனை 1958இலேயே இத்தாலியில் நட்டாவின் குழு செய்துவிட்டது, ஆனால் கிடைத்தது கருப்புப் பொடி. எதிலும் கரையாது, உருகவும் உருகாது. அதை வைத்துக்கொண்டு எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் நிறமாலையைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாது என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சம்பவம். கொரியாவிலிருந்து வந்திருந்த விருந்து ஆய்வாளர் ஒருவர் அசிட்டிலீனைப் பாலிமராக்கிப் பார்க்க விரும்பினார், ஷிரகாவா செய்முறையை எழுதிக் கொடுத்தார். பொடி வரவேண்டிய இடத்தில் கிழிசல் கிழிசலாக ஏதோ ஏடு போல மிதந்தது. வழக்கமாகப் போடுவதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வினையூக்கி விழுந்திருக்கிறது. வேதிப்பொருளை அளக்கும் மோல் என்ற அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிமோலுக்கு 'எம்எம்ஓஎல்' என்று எழுதுவோம் இல்லையா, அதில் ஒரு 'எம்' போனால் மோல். எனக்கு மனதில் நின்றது, நோபல் வாங்கிய பிறகு ஷிரகாவா இதைச் சொன்ன விதம்: செய்முறையில் அந்த 'எம்'மை நானே விட்டிருக்கலாம், இல்லாவிட்டால் வந்தவர் தவறாகப் படித்திருக்கலாம். முதலில் தன்னைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரைச் சொல்கிறார். நம் பேச்சில் மட்டும் "யாரோ ஒரு மாணவன் சொதப்பினான்" என்று ஆகிவிட்டது.

நான் புராஜெக்ட் செய்தபோது ஒருநாள் ஐஸ் கிடைக்காமல் வினையை அப்படியே ஓடவிட்டேன். சூடு ஏறி, பழுப்பு கலந்த கருப்பாக ஏதோ வந்தது. "பேப்பர்ல இருக்கிற மாதிரி வரலேன்னா கொட்டிட்டுத் திரும்பப் பண்ணு" என்றார் கூட இருந்த சீனியர், நானும் சிங்க்கில் ஊற்றிப் பீக்கரைத் தேய்த்துக் கழுவினேன். ஏன் அப்படி வந்தது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அது இன்றும் உறுத்துகிறது.

ஷிரகாவா கொட்டவில்லை. அதே தப்பைத் திரும்பச் செய்து பார்த்தார். வினையூக்கி அத்தனை செறிவாக இருப்பதால் அசிட்டிலீன் கரைசலின் மேற்பரப்பைத் தொட்ட உடனே பாலிமராகி அங்கேயே படிகிறது என்று புரிந்தது. பிறகு அதைப் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் செய்தால் செம்பு நிறத்தில் ஒரு படலம், 150 டிகிரியில் செய்தால் வெள்ளி போலப் பளபளக்கும் இன்னொன்று. அணுக்கள் அதே அணுக்கள்தான், சங்கிலி மடங்கும் விதம் மட்டும் வேறு. படலம் கையில் வந்ததால் அகச்சிவப்பு நிறமாலை எடுக்க முடிந்தது, அவருக்கு உண்மையில் வேண்டியிருந்ததும் அதுதான். ஒருமுறை அந்தப் படலத்தில் குளோரினைச் செலுத்திக்கொண்டே நிறமாலையைப் பார்க்கும்போது, துளியூண்டு குளோரின் சேர்ந்த உடனேயே அகச்சிவப்பு ஒளி ஊடுருவுவது தடாலென்று குறைந்தது. காரணம் அப்போது பிடிபடவில்லை. ஆனால் அதை அவர் மறக்கவில்லை.

இந்தப் பக்கம் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் ஹீகர் இயற்பியல்காரர், ஆலன் மக்டியர்மிட் நியூசிலாந்தில் பிறந்த வேதியியல்காரர். கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்த ஒரு பாலிமர் உலோகம் போலக் கடத்துகிறது என்று கேள்விப்பட்டு, ஹீகர் அதன் குறியீடு 'எஸ்என்' என்பதைச் சொல்லிப் பேச வந்திருக்கிறார். வெள்ளீயத்தின் குறியீடும் அதே 'எஸ்என்'தான், மக்டியர்மிட் காதில் விழுந்தது அதுதான். வெள்ளீயம் உலோகம் போலக் கடத்தாமல் வேறென்ன செய்யும் என்று அவருக்குக் குழப்பம்! இந்தக் கதையில் எழுத்துகள் நிறையவே விளையாடியிருக்கின்றன.

1975இல் ஜப்பான் வந்த மக்டியர்மிட், டோக்கியோவில் பேசும்போது பொன்னிறத்தில் இருக்கும் அந்தக் கந்தக நைட்ரஜன் பாலிமரைக் காட்டினார். பச்சைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஷிரகாவா தன் வெள்ளிநிறப் படலத்தைக் காட்டினார். அதைப் பார்த்ததும், நீங்கள் பென்சில்வேனியாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அழைத்தார் மக்டியர்மிட்.

1976 நவம்பர் 23. கண்ணாடிக் கலத்துக்குள் படலம், அதில் நான்கு கம்பிகள், பக்கத்தில் அளவிடும் கருவி. ஷிரகாவா கொஞ்சம் புரோமின் ஆவியை உள்ளே விட, ஹீகரின் குழுவிலிருந்த ஆய்வாளர் அளந்துகொண்டிருந்தார். சில நிமிடத்தில் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. பழைய குளோரின் சோதனையில் அகச்சிவப்பு ஏன் மறைந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது: அன்றும் படலம் கடத்தத் தொடங்கியிருந்ததால்தான் ஒளி மறிக்கப்பட்டது. 1977இல் கட்டுரை வந்தது. 2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

உள்ளே என்னதான் நடக்கிறது? பாலிஅசிட்டிலீன் என்பது கார்பன்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிற சங்கிலி. எலக்ட்ரான்கள் ஓடத் தயார்தான், ஆனால் இடமில்லை. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படி வரைக்கும் ஆள், கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினாலும் ஒருத்தரும் ஓர் அங்குலம் நகர முடியாது. ஒரே ஒருவர் இறங்கட்டும். அந்த இடத்துக்குப் பக்கத்திலிருப்பவர் வருவார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர், இப்படியே காலி இடம் பஸ்ஸின் அந்தக் கோடி வரைக்கும் போய்விடும். புரோமினோ அயோடினோ செய்கிற வேலை, சங்கிலியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி இறக்கிவிடுவதுதான். டோப்பிங் என்று சொல்வது இதைத்தான். என் பாலிஅனிலீனில் அமிலத்தின் புரோட்டான் வேறு வழியில் அதே மாதிரி இடம் உண்டாக்குகிறது, அம்மோனியா அதைப் பறித்துவிடுகிறது, அதனால்தான் அந்தப் பச்சை நீல விளையாட்டு.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாலிமர் கடத்தும் என்று முதன்முதலில் பார்த்தவர்கள் இவர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவில் டொனால்ட் வைஸ் குழு 1963இலேயே அயோடின் சேர்ந்த பாலிபிர்ரோல் கடத்துவதை வெளியிட்டிருக்கிறது. பாலிஅனிலீனின் கதை இன்னும் பின்னால் போய் 1862இல் லண்டனில் ஹென்றி லெத்பி அனிலீனை மின்னாற்பகுத்தபோது பிளாட்டினத்தில் படிந்த நீலத்தைத் தொடும். ஆனாலும் இது ஏன் நடக்கிறது, எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்று வேதியியலும் இயற்பியலும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியது 1976க்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

பாலிஅசிட்டிலீன் கடைசியில் எந்தப் பொருளிலும் வரவில்லை, காற்றுப்பட்டால் கெட்டுவிடும். அதன் பங்காளிகள்தான் வெளியே வந்து பிழைத்தார்கள். 'பெடாட்' என்ற பாலிமர் புகைப்பட ஃபிலிம்களில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பூசப்பட்டது, கணினி போர்டுகளில் இருக்கும் திடக் கெப்பாசிட்டர்களுக்குள் இப்போதும் இருக்கிறது. 1990இல் கேம்பிரிட்ஜில் இந்தக் குடும்பத்துப் பாலிமர் ஒன்று மின்சாரம் கொடுத்தால் ஒளிர்வதைக் காட்டினார்கள். நம் பக்கத்தில் காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் இரும்பு துருப்பிடிக்காமலிருக்கப் பாலிஅனிலீன் பூச்சுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஷிரகாவா 2000 மார்ச்சில் சுகுபா பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார், அக்டோபரில்தான் நோபல் செய்தி வந்தது. அதற்கப்புறம் டோக்கியோவில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில், பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை அவர்கள் கையாலேயே செய்யவைக்கும் பயிற்சிகளை நடத்தினார். எனக்கு அந்த வாய்ப்பு 22 வயதில் கிடைத்தது, அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே. அன்றைக்கு நான் பாலிஅனிலீன் செய்த பீக்கரின் உள்சுவரில் ஒட்டிய மெல்லிய பச்சைப் படலம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதை லேபுக்குத் திருப்பிக் கொடுக்காமல், காசைக் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது என் மேசையில் பேனாக்கள் அதில்தான் நிற்கின்றன.