சமையலறைச் சுவரை எடுக்கலாமா: உச்சிப் பூச்சைத் தட்டிப் பார்த்ததில்

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே 12 அடி நீள, 10 அடி உயரச் சுவர். கதவு நிலையை ஒட்டி அளந்தால் பூச்சோடு 5½ இன்ச், நாலரை இன்ச் செங்கல் கட்டு. "நாலரைதானே, எடுத்துடலாம்" என்று கொத்தனார்கள் சொல்வது பில்லர், பீம் போட்ட வீட்டில் பெரும்பாலும் சரி. சுவர் மேலேயே ரூஃப் உட்கார்ந்த வீட்டில் கனத்தை மட்டும் நம்பக் கூடாது.

பார்க்க வேண்டியது சுவரின் உச்சி. ரூஃபைத் தொடும் இடத்தில் மூன்று இடங்களில் அரையடிச் சதுரத்துக்குப் பூச்சை உளியால் எடுத்தோம். பீம் இருந்தால் காங்கிரீட் தெரிந்திருக்கும். மூன்றிலும் ரூஃப் வரை செங்கல்தான், அதாவது பீம் இல்லை.

அடுத்து மாடி. வெளிச்சுவரிலிருந்து டேப் பிடித்து இரண்டு தளத்திலும் அளந்ததில், படுக்கையறைச் சுவர் அதே கோட்டில், அதே அளவில் நிற்கிறது. அந்தச் சுவரின் எடை பூச்சோடு ஏறத்தாழ 3 டன். தொடர்ந்து ஓடும் ரூஃபில், தாங்கும் சுவருக்கு மேலே முக்கியக் கம்பி ரூஃபின் மேல்பக்கம் இருக்கும். சுவர் போனால் இழுவிசை அடிப்பக்கம் வரும், அங்கே போதுமான கம்பி இருக்காது. முழுதாக எடுக்க இரும்பு பீம், இரண்டு தூண், அவற்றுக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். ஒரு சமையலறைக்கு அது தேவையில்லை. கைவிட்டோம்.

இன்னொன்று, இந்தச் சுவரில் பதிந்து நிற்கும் பரண். 7 அடி உயரத்தில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 இன்ச் காங்கிரீட். பாத்திரம் ஏற்றாமலே 200 கிலோவுக்கு மேல். மேலே நிற்கும் கட்டின் பாரம் அழுத்துவதால்தான் அது கவிழாமல் நிற்கிறது, அதனால் அதன் கீழே துளைப்பதில்லை.

முடிவு: பரண் இல்லாத பாதியில் 3 அடி அகலத் திறப்பு, தரையிலிருந்து 3 அடி முதல் 7 அடி வரை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கொடுத்த லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் காங்கிரீட் சட்டம்): நீளம் 4½ அடி (இரு பக்கமும் 9 இன்ச் உட்காரும்), உயரம் 9 இன்ச், கீழே 12 மி.மீ. கம்பி இரண்டு, மேலே 10 மி.மீ. இரண்டு, கம்பிகளைச் சுற்றி 4 இன்ச்சுக்கு ஒரு 8 மி.மீ. ரிங். இது இந்தச் சுவருக்கான கணக்கு, வேறு வீட்டுக்கு எடுக்க வேண்டாம். தரையில் வார்த்து 14 நாள் தண்ணீர் கட்டியாயிற்று. எடை 90 கிலோ, தூக்க நாலு ஆள் வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் எம்சிபி (கரன்ட் சுவிட்ச்) ஆஃப். சுவரின் இரு பக்கமும் 2 அடி தள்ளி, பலகை வைத்து ரூஃபுக்கு ஜாக்கி முட்டு. கட்டிங் மெஷினால் கோடு அறுத்து லிண்டலுக்கான பள்ளத்தை மட்டும் முதலில் எடுத்தோம். பிரேக்கர் (இடிக்கும் மெஷின்) வேண்டாம், அதிர்வில் கட்டு தளரும். லிண்டலை ஏற்றியபின் மேல் இடைவெளியில் நான்-ஷ்ரிங்க் கிரவுட்டை (காய்ந்தாலும் சுருங்காத கலவை) இறுக்கித் திணிக்க வேண்டும். சாதாரணக் கலவை காய்ந்து சுருங்கினால் மேல் கட்டு இறங்கி, மாடிச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும்.

இப்போது கிரவுட் இறுகுகிறது. ஏழு நாள் கழித்துத்தான் லிண்டலுக்குக் கீழே உள்ள செங்கலை எடுப்போம், மேலிருந்து வரிவரியாக. ஜாக்கி கடைசியாகக் கழலும். பிறகு திறப்பின் அடிவிளிம்பில் 8 இன்ச் கிரானைட் பட்டை, சமையலறைப் பக்கம் லேசான வாட்டத்தோடு.