அரை மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்த ஆள்

நேற்றிரவு நாய் செவலை, வளவு என்கிற வீட்டு நடு முற்றத்துக்கு வந்து, நட்டநடுவில் கால் நீட்டிப் படுத்தாளாம். காலையில் அவளை வளர்க்க எடுத்துக்கொண்ட பள்ளத்தூர் ஆச்சி போனில் சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு நான் போட்ட கூச்சலில் வீட்டில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். பதினான்கு மாதம் என் வீட்டுக் கிணற்றடி அறையில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்த நாய் அது.

புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் பிடித்தது, முதுகில் வெந்நீர் ஊற்றிய தழும்பு, கருத்தடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் வழக்கமான கதைதான். பதினொரு நாய்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்த என் கர்வம் இவளிடம்தான் அடங்கியது. ஏழு வீடுகள் தட்டிப்போயின.

நாயை வளர்க்கக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. நாய்க்கு முதுகைக் காட்டி அரை மணி நேரம் உட்கார வேண்டும். கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏழு பேரில் ஆறு பேர் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி "ச்சூ ச்சூ" என்றார்கள். ஏழாமவர் கெட்டிக்காரர்; பேசாமல் பிஸ்கட்டை நீட்டினார்.

இந்த நீட்டுகிற கைதான் என் தீராத தலைவலி. பயந்த நாயும் பிஸ்கட்டுக்கு வரத்தான் செய்யும். வயிறு முன்னே தள்ளும், பயம் பின்னே இழுக்கும். தின்று முடித்து நிமிர்ந்தால் ஆள் அரையடி தூரத்தில் இருப்பார். அந்தத் திடுக்கிடலில் கடித்தும் விடும். தீனியை நாய்க்குப் பின்னால் எறிய வேண்டும். அதை எடுக்கப் போகும்போது ஆளைவிட்டு விலகுவதே அதற்கு ஆறுதல். அந்தத் தெம்பில் அடுத்த தடவை தானாகவே ஓரடி கூடுதலாக நெருங்கிப் பார்க்கும். (இவளுக்கு உப்புப் போக ஊறவைத்துக் கழுவிய நெத்திலிக் கருவாடு.) எத்தனை முறை விளக்கினாலும் மனிதர் கை முன்னால்தான் நீளுகிறது.

ஆச்சி வந்தார். "தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது தம்பி" என்று முக்காலி கேட்டு வாங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையிலிருந்து பனையோலையை எடுத்துக் கொட்டான் என்கிற சின்னக் கூடை பின்னத் தொடங்கினார். ஒன்றேகால் மணி நேரம்! நாய் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில்லை போலிருந்தது. செவலை மெல்ல வந்து கீழே கிடந்த ஓலை நறுக்கை முகர்ந்துவிட்டுப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆள் கிடைத்தார், வீடு சண்டைக்கு வந்தது. ஆச்சி வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், கண்ணாடிமேல் வார்த்து எடுக்கிற தரை ஓடு. தலைமுறை தலைமுறையாகப் பாதம் பட்டு அந்தத் தரையில் முகம் பார்க்கலாம். செவலைக்கு நான்கு கால்களும் நான்கு திசையில் போயின. ஒரு முறை வழுக்கிய இடத்தை அவள் மறுபடி மிதிக்கவே மாட்டாள். கோரைப்பாய் அவளோடு சேர்ந்து வழுக்கியது. சாக்கு சுருண்டது. கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் கனத்த பழைய ஜமுக்காளம் வாங்கி, அடியில் ரப்பர் விரிப்பைத் துண்டு துண்டாக வைத்து, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து வாசல் பக்கமாக ஒரு பாதை போட்டேன். நாய்க்கு என்று வாய் தவறிச் சொன்னதும் கடைக்காரர் முகம் போன போக்கு! ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

வெளியே கூட்டிப் போக நெஞ்சுப்பட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கழுத்துப்பட்டையை இவள் பின்வாங்கி ஒரு நொடியில் உருவிவிடுகிறாள். வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மூன்றாவது வார் வேண்டும். தீபாவளி வெடிக்கு முன்பே உள்ளறை ஒன்றை அவளுக்குப் பழக்கிவிட வேண்டும். குன்றக்குடியில் நொண்டி நாய் ஒன்று காத்திருக்கிறது, அதை இப்போது நினைக்கக் கூடாது.

ஆச்சி இன்னும் செவலையைத் தொட்டதில்லை. தொடும் அவசரமும் அவருக்கில்லை. அவசரமெல்லாம் எனக்குத்தான். பாதை தெருவாசலை எட்ட இன்னும் எட்டடி ஜமுக்காளம் வேண்டும். சனிக்கிழமை அதே கடைக்குத்தான் போகிறேன். இந்த முறை நாய்ப் பேச்சையே எடுக்க மாட்டேன்.