குன்னூர் வீட்டுக்குச் சமையல் மேடை எத்தனை இன்ச்?

கேட்டதும் "முப்பத்து நாலு" என்பார் மேஸ்திரி. அதில் ஆளின் உயரமே வரவில்லையே! சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடியுங்கள். அதில் 4 முதல் 6 இன்ச் கழித்தால் காய் நறுக்கும் மேடையின் உயரம். ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்கை சுமார் 38 இன்ச். மேடை 32 முதல் 34. அளக்கும்போது வீட்டுச் செருப்பு காலில் இருக்கட்டும். ஊட்டி, குன்னூர் குளிரில் வெறுங்காலோடு சமைப்பவர் குறைவு.

அடுப்பு தனிக் கணக்கு. பர்னர் 4 இன்ச் ஏறும், அதன்மேல் குக்கர். அந்தப் பகுதியை 4 இன்ச்சாவது இறக்காவிட்டால், கிண்டும்போது தோள் தூக்கியே நிற்கும். சிங்க் நேரெதிர்: கை வேலை செய்வது 7, 8 இன்ச் ஆழத்தில் என்பதால் விளிம்பு 2 இன்ச் உயரட்டும். இல்லையென்றால் இடுப்பு பதில் சொல்லும்.

மலை வீடுகளில் அடிக்கடி கெடுவது இங்கேதான்: மேடை கட்டி முடித்தபின் மரத்தளம் போடுவார்கள். அடியில் 2 இன்ச் ரீப்பர் (மரச்சட்டம்), அதன்மேல் முக்கால் இன்ச் பலகை. 33 இன்ச் மேடை சுமார் முப்பதாகிவிடும். தளம் போட்டு முடித்தபின் வரும் மட்டத்தைச் சுவரில் முதலில் கோடு போடுங்கள், அளவெல்லாம் அங்கிருந்துதான்.

மேடைக்கடியில் கால் விரல் நுழைய 4 இன்ச் உயரம், 3 இன்ச் ஆழம் விடுங்கள். கார்பென்டர் முணுமுணுப்பார், விடுங்கள். தினசரி டப்பாக்கள் கண் மட்டத்துக்குக் கீழே. ஸ்வெட்டர் போட்ட கை மேலே அவ்வளவு எளிதாக எட்டாது.