குன்னூரில் குடித்த லாகர்

எளிதாகத் தொண்டையில் இறங்கும் வெளிர்நிற லாகர் என்ற பீர் வகையை, பீரைப் பற்றி விவரம் தெரிந்தவர்களே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பீர் பற்றியும் காப்பி மணக்கும் கறுப்பு ஸ்டவுட் பீர் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள், லாகர் என்றதும் தாகத்துக்குக் குடிப்பது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சென்ற வாரம் குன்னூரில், பெட்போர்டுப் பக்கம் ஒரு விடுதியின் பாரில், வெளியூர்ச் சிறிய ஆலை ஒன்று காய்ச்சிய லாகரை நிதானமாகக் குடித்தபோது, அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

சமவெளியில் பீர் வாங்கும்போது நம் முதல் கேள்வியே ‘கூலிங் இருக்கா?’ என்பதுதான். அந்த வெயிலுக்கு அது நியாயம்தான் என்றாலும், உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்ந்த பீர் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும். அதிலிருந்து மணமும் எழாது. இந்த வகை லாகருக்கு ஏழெட்டு டிகிரி செல்சியஸ் போதும். பரிமாற வந்த இளைஞரிடம், “கொஞ்ச நேரம் வெளியே வச்சுட்டுக் கொடுங்க தம்பி” என்றேன். “இந்தக் குளிருக்கு ஜில்லுன்னு இங்க யாரும் கேக்கிறதில்ல சார்” என்றார் அவர்.

கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத்தான் ஊற்றினார். அப்படியும் நுரை விளிம்புவரை ஏறி நின்று, பிறகு இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறங்கியது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு இங்கே இன்னும் வேகமாக வெளியேறுகிறது. நிறம் வைக்கோல் மஞ்சள். குவளைக்குப் பின்னால் இருந்த விலைப்பட்டியலின் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவு. முகர்ந்தால் புதிதாகச் சுட்ட ரொட்டியின் மேல்தோல் மணம், அதன் அடியில் மெல்லிய புல் வாசம். முதல் மிடறில் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு வந்தது. அதை விழுங்கிய பிறகே, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு நாக்கின் ஓரத்தில் தலைகாட்டி, அதிக நேரம் தங்காமல் விலகியது. வாய் சுத்தமாகிவிட, அடுத்த மிடறுக்குக் கை தானாகவே நீண்டது. எளிதாகக் குடிக்கலாம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

இந்த எளிமையைக் கொண்டுவருவதுதான் கடினம். லாகருக்கான ஈஸ்ட் ஏறக்குறைய பத்து டிகிரிக் குளிரில் மெதுவாக நொதிக்கும். அதன்பின் பல வாரங்கள் உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடந்து பீர் முதிர வேண்டும். நொதிக்கும்போது வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது. காத்திருந்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும், அவசரப்பட்டால் அது பீரிலேயே தங்கிவிடும். ஸ்டவுட்டில் வறுத்த மால்ட்டும் ஐ.பி.ஏ.யில் ஹாப்ஸும் சிறு குறைகளை மூடிவிடுகின்றன. லாகரில் அப்படி ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வெயிலில் கிடந்து பழையதான பீரில் ஈர அட்டையின் வாடை வரும். கீழே சமவெளியில் அப்படிப்பட்ட புட்டிகளை நான் திறந்திருக்கிறேன். இதில் அந்த வாடையும் இல்லை, வெண்ணெய் மணமும் இல்லை. காய்ச்சியவரின் பொறுமையை இதைவிட நேரடியாகக் காட்டும் பீர் வேறு கிடையாது என்பது என் கருத்து.

1842-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள பில்சன் நகரில் யோசப் குரோல் என்பவர் காய்ச்சிய பொன்னிற லாகரும், அதற்குப் போட்டியாக 1894-இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை கொண்டுவந்த, கசப்புக் குறைந்த ஹெல்லஸ் என்ற லாகரும்தான் இந்த வகைக்கு முன்னோர்கள். நான் குடித்தது ஹெல்லஸின் பக்கம் சாய்ந்தது. நீலகிரிக்கும் பீர் புதிதன்று. இந்த மலையில் 1857-இல் தொடங்கிய காசில் ப்ரூவரி என்ற பீர் ஆலை, 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் ஒன்றிணைத்த ஐந்து ஆலைகளுள் ஒன்றாகி, யுனைடெட் ப்ரூவரீஸ் என்ற நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இத்தனை பழைய தொடர்பு இருந்தும், இங்கே காய்ச்சிய லாகரை இங்கேயே குடிக்க இன்று வழியில்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

தொட்டுக்கொள்ளக் காரமான சிக்கனைத் தவிர்த்துவிட்டு, மிளகுத்தூளும் எலுமிச்சையும் தூவிய பச்சை ஊட்டி கேரட் கேட்டு வாங்கினேன். கேரட்டின் இனிப்பும் மால்ட்டின் இனிப்பும் ஒன்றோடொன்று நன்றாகச் சேர்ந்தன, மிளகு அந்தக் கசப்பை இன்னும் கொஞ்சம் நீட்டித்தது. கடைசி கால் குவளை அறைச் சூட்டுக்கு வந்த பிறகும் சுவை குலையவில்லை. குறை என்று சொன்னால், ஹாப்ஸின் மணம் இன்னும் ஒரு பிடி கூடுதலாக இருந்திருக்கலாம். இரண்டாவது புட்டியையும், முதல் புட்டியைப் போலவே அளவான குளிர்ச்சியில் கேட்டு வாங்கினேன்.